சோயாவில் இருப்பது பெண் ஓமோனா? வாசகர் கேள்வி – பதில்

மாதவிடாய்க் கோளாறுகளுக்கும், பிள்ளை பெற்ற உடம்புக்கும், மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும் எந்த மூலிகை, எந்த உணவு, எவ்வளவு என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். ஒரே செடி கறிச்சட்டியில் உணவாக இருக்கும். தூளாக்கிக் கரண்டிக் கணக்கில் விழுங்கும்போது மருந்தாகிவிடும். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் கிராமிலும் கரண்டியிலும் அளவு சொல்லியிருக்கிறோம். ஒரு தேக்கரண்டி என்றால் தலை தட்டிய கரண்டி.

எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று எட்டு மாதம். பகலில் நாலைந்து தடவை நெஞ்சிலிருந்து முகம் வரை நெருப்புப் பற்றினதுபோல எரிந்து வேர்க்கிறது. இரவில் சட்டை நனைந்து எழும்புகிறேன். சோயாவில் பெண் ஓமோன் இருக்கிறது, தினமும் சோயா மீற் சாப்பிடு என்கிறார்கள். எள்ளும் ஆளிவிதையும்கூட நல்லதாம். உண்மையா?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

சோயாவில் பெண் ஓமோன் இல்லை. அதில் இருப்பவை ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் போன்ற ஐசோபிளேவோன்கள். உருவத்தில் ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனின் சாயல் இருப்பதால், உடம்பில் ஈஸ்திரஜன் போய் அமரும் இடங்களில் இவையும் அமர்ந்துகொள்ளும். அந்த இடங்கள் அல்பா, பீற்றா என்று இரண்டு வகை. கருப்பையிலும் மார்பிலும் அல்பா முக்கியமானது. எலும்பிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் பீற்றா நிறைய உண்டு. ஐசோபிளேவோன் பெரும்பாலும் பீற்றாவையே நாடும். அதன் வலுவோ உங்கள் சூலகம் சுரந்த ஈஸ்திரஜனைவிடப் பல நூறு மடங்கு குறைவு. அதனால்தான் ஓமோன் குளிசை தருகிற வேகத்தில் சோயா எதையும் தராது.

ஆனாலும் பலன் இல்லையென்று சொல்லமாட்டோம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் அளவில் ஐசோபிளேவோன் எடுத்தவர்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களைவிட இந்த எரிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஐந்து தடவை வருவது நாலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் குறைந்தது ஆறு கிழமை, சிலருக்கு மூன்று மாதம் செல்லும். ஒரு கிழமை சாப்பிட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காததற்குக் காரணம் குடலில் இருக்கிறது. டெய்ட்சீனை ஈக்குவோல் என்ற வலுவான பொருளாக மாற்றும் பக்டீரியா எல்லோருடைய குடலிலும் இல்லை. ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உண்டு. மேற்கு நாட்டவரிடம் அதைவிடக் குறைவு.

இனி அளவு. உலர்ந்த சோயா விதையில் 100 கிராமுக்கு 150 மில்லிகிராம் அளவில் ஐசோபிளேவோன் உண்டு. ஆகவே 30 கிராம், அதாவது ஒரு சிறங்கை விதை போதும். இரவு ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில், விரலால் நசித்தால் மசியும் வரை பிறஷர் குக்கரில் அவியுங்கள். அரை அவியல் கூடாது. சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. நன்றாக வெந்தால்தான் அது அழியும். இல்லாவிட்டால் வயிறு ஊதும். அவித்ததைக் கடலை தாளிப்பதுபோல் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலையுடன் தாளித்துச் சாப்பிடலாம்.

சோயா மீற்றில் இரண்டு சிக்கல். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் செய்ததில் ஐசோபிளேவோன் மிஞ்சியிருக்கும். அல்கஹோலால் கழுவிப் பிரித்த புரதத்தில் செய்ததில் பெரும்பகுதி போய்விடும். பைக்கற்றைப் பார்த்து எது எது என்று தெரியாது. அடுத்தது உள்ளே வரும் சுவைத்தூள்: உப்பு மிகுந்தது. பிரஷர் உள்ளவர் அதை எறிந்துவிட்டு வீட்டுச் சரக்குத்தூளில் சமைப்பது நல்லது.

எள்ளிலும் ஆளிவிதையிலும் இருப்பவை லிக்னன்கள்; இவையும் ஐசோபிளேவோன்போல ஈஸ்திரஜனின் சாயல் உள்ளவை. ஆளிவிதையை முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியேறிவிடும். ஒரு மேசைக்கரண்டி, அன்றன்றைக்கு அரைத்துச் சாப்பிடவேண்டும். மலச்சிக்கலுக்கும் கொழுப்புக்கும் அது நல்லது. ஆனால் வேர்வை எரிவுக்கு ஆளிவிதை கேட்கும் என்ற நம்பிக்கை 2012இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் தேறவில்லை. எள்ளுருண்டை சாப்பிடுங்கள், அது நல்ல உணவு; எரிவுக்கு மருந்தென்று எண்ணிச் சாப்பிடவேண்டாம். எள்ளின் சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதி தோலில் இருப்பதால், எலும்பை நினைத்துச் சாப்பிடுகிறவர் தோல் நீக்கிய வெள்ளை எள்ளை விட்டுத் தோலோடு கூடியதை வாங்கவேண்டும்.

கடைசியாக, இரவில் தூக்கமே போகிற அளவு எரிவு என்றால் சோயாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். வைத்தியசாலையில் இதற்கு நன்றாகக் கேட்கும் மருந்துகள் உண்டு. போகும்போது தைரொயிட்டையும் சீனியையும் சோதியுங்கள்; தைரொயிட் கூடினாலும் இப்படித்தான் வேர்க்கும். 12 மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் அதே கிழமையில் காட்டவேண்டும். அதற்குக் கைவைத்தியம் கிடையாது.

தைரொயிட் குறைவுக்குக் காலையில் தைரொக்சின் குளிசை போடுகிறேன். சோயா, கோவா, மரவள்ளிக்கிழங்கு மூன்றும் விஷம் என்கிறார்களே?
— ஒரு வாசகி, நெல்லியடி

விஷமில்லை. சோயா அந்தக் குளிசையைக் குடலில் உறிஞ்சவிடாமல் மறிக்கும், அவ்வளவுதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் குளிசையைப் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். சோயாவுக்கும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பலரும் தவறவிடுவது சோயாவையல்ல, காலைப் பால்தேத்தண்ணியை. குளிசையை அதோடு விழுங்கிவிட்டு, அளவு ஏறவில்லை, மருந்து சரியில்லை என்பார்கள்.

கோவாவையும் மரவள்ளியையும் பச்சையாக உண்ணாமல் அவித்து உண்டால் பயமில்லை. மரவள்ளியை மூடாத சட்டியில் நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்துவிடுங்கள். கடையில் அயடீன் சேர்த்த உப்பையே வாங்குங்கள்.

என் மகள் 12 வயதில் பெரியபிள்ளையாகி நாலு மாதம். அம்மம்மா தினமும் விடிய வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் அரைத் தம்ளர் நல்லெண்ணெயும் குடிக்க வைத்தா. உழுத்தங்களியும் விடாமல் கொடுத்தா. பிள்ளை பத்துக் கிலோ கூடிவிட்டாள். மாதவிடாயோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. உழுந்தும் நல்லெண்ணெயும் கருப்பையைப் பலப்படுத்தும் என்பது சரியா?
— ஒரு தாய், சுன்னாகம்

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறோம். முதல் மாதவிடாய்க்குப் பிறகு ஓரிரு வருடம், சிலருக்கு மூன்று வருடம், சூலகம் ஒவ்வொரு மாதமும் முட்டை விடாது. அந்த வயதில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி வழமை. முதல் வருடத்தில் அதைவிடச் சற்று நீண்டாலும் பொறுக்கலாம். 90 நாளைத் தாண்டினால் காட்டுங்கள். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு தடவை துணி மாற்றவேண்டி வந்தாலோ காத்திருக்கவேண்டாம். இந்த வயதில் அளவு மீறிய போக்குக்குப் பின்னால் இரத்தம் உறையும் தன்மையில் பிறவிக் குறை இருக்கலாம்.

உழுந்திலும் நல்லெண்ணெயிலும் கருப்பையைத் தேடிப்போய்ப் பலப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. எள்ளின் லிக்னனில் எண்ணெயோடு வருவது ஒரு பகுதிதான், அதுவும் ஓமோன் அளவை மாற்றுகிற வலுவுள்ளதல்ல. ஆனால் அந்தக் காலத்து அம்மம்மாமார் கண்டுபிடித்த உணவு வீணானதல்ல. வளரும் பிள்ளைக்கு, இரத்தம் இழக்கத் தொடங்கிய உடம்புக்கு, புரதம் வேண்டும். உழுந்தில் நாலில் ஒரு பங்கு புரதம். வருடத்தில் பல நாள் மெலிந்து கிடந்த வீட்டில் நல்லெண்ணெய் உடம்புக்கு ஏற்றம் கொடுத்தது. இன்றைக்குக் குறை அதுவல்ல. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அரைத் தம்ளர் என்றால் 900ஐத் தொடும், ஒரு பிள்ளையின் நாள் தேவையில் கிட்டத்தட்டப் பாதி. பத்துக் கிலோ வந்த வழி இதுதான். ஏறிய நிறை மாதவிடாயை இன்னும் தள்ளிப்போடவும் கூடும்.

பச்சை முட்டையை இன்றே நிறுத்துங்கள். சல்மொனெல்லாக் கிருமி ஒருபக்கம். வேகாத முட்டையின் புரதம் அவித்ததைவிடக் குறைவாகவே சமிபாடடையும் என்பது மறுபக்கம். அவித்த முட்டை ஒன்று, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், கீரை, மீன் இவை போதும். சடங்கு முடியும் வரை மீன் கூடாதென்று நிறுத்தியிருந்தால் உடனே தொடங்குங்கள். பிள்ளைக்கு வேண்டியது இரும்புச்சத்து. அது உழுந்தைவிட மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் எளிதாக உடம்பில் சேரும். மரக்கறி மட்டும் உண்ணும் வீடென்றால் கீரை, பயறு, கடலையில் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள், உடனே தேத்தண்ணி கொடுக்காதீர்கள்.

உழுத்தங்களியைக் கிழமைக்கு இரண்டு நாள் கொடுக்கலாம். நாலு பேருக்கு அளவு: வறுத்த உழுத்தம்மா ஒரு சுண்டு வேண்டாம், 100 கிராம் போதும்; வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா 50 கிராம்; இரண்டாம் பால் மூன்று கோப்பை; பனங்கட்டி 75 கிராம்; நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மாவை ஆறின பாலில் கட்டியில்லாமல் கரைத்து வடித்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் துழாவுங்கள். பச்சை மணம் போய் மா கண்ணாடிபோல் வந்த பிறகுதான் பனங்கட்டிப் பாகை விடவேண்டும். முந்திவிட்டால் மா வேகாது, களி நாக்கில் பசையாக ஒட்டும். எண்ணெயைக் கரண்டி கரண்டியாக விட்டு, களி சட்டியை விட்டுக் கழன்று வரும்போது இறக்குங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் விட்டது கூடிப்போயிற்று என்று அர்த்தம்.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அளவைக் குறைத்துக் கொடுங்கோ என்று கேட்டால் போதும்.

எனக்கு 24 வயது. ஸ்கானில் சூலகத்தில் நீர்க்கட்டிகள் என்றார்கள். மாதவிடாய் வருடத்தில் மூன்று தடவைதான். நாடியில் முடி, முகப்பரு. சீனி நோய்க்குத் தரும் மெற்போமின் குளிசை தந்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வெந்தயத் தண்ணி, கறுவாத் தூள், புதினாத் தேத்தண்ணி குடித்தால் ஓமோன் சரியாகுமா?
— ஒரு வாசகி, கொக்குவில்

நீர்க்கட்டி என்ற பெயரே பயமுறுத்துகிறது. அவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கி வெடிக்காமல் நின்ற முட்டைப் பைகள். 2003இல் வகுத்த நெறியின்படி மூன்றில் இரண்டு இருந்தால் இந்த நோயென்று கொள்வர்: முட்டை ஒழுங்காக வெளியேறாமை, ஆண்தன்மை ஓமோன் கூடியதன் அறிகுறி, ஸ்கானில் தெரியும் சூலகத் தோற்றம். தைரொயிட்டும், பால் சுரக்கவைக்கும் ஓமோனான புரொலக்ரினும் சரிதானா என்று பார்த்த பிறகே இந்தப் பெயரைச் சூட்டவேண்டும். பலருக்கு வேரில் இருப்பது இன்சுலினுக்கு உடம்பு மசியாத தன்மை. ஏறிய இன்சுலின் சூலகத்தை ஆண்தன்மை ஓமோனைக் கூடச் சுரக்கத் தூண்டும்; முட்டை விடுவது நின்றுபோகும்.

வெந்தயம் ஓமோனைத் தொடுவதில்லை. அதன் பசைநார் குடலில் சீனி ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது நாலு கிராம் அளவு, அரைக் கோப்பைத் தண்ணீரில் இரவு ஊறவிட்டுக் காலையில் விதையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையை எறிந்தால் பசைநாரை எறிந்ததாகும். முதற் கிழமை அரைக் கரண்டியோடு தொடங்குங்கள். மெற்போமினும் வெந்தயமும் இரண்டும் வயிற்றை இளக்கும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது செய்த வேலை என்று தெரியாமல் போகும். மெற்போமினை வெந்தயத்தோடு எடுப்பதில் சீனி அடியோடு இறங்கும் ஆபத்து குறைவு. சீனி நோய்க்குக் கிளிக்லசைட் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு அந்த ஆபத்து உண்டு.

கறுவாவுக்குச் சிறு சிறு ஆய்வுகளில் பலன் தெரிந்தது, உறுதியென்று சொல்லும் அளவில் அல்ல. ஆனால் எந்தக் கறுவா என்பது முக்கியம். எங்கள் நாட்டுக் கறுவா, மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப்போல் இருக்கும், கையால் நொருக்கலாம். கசியா என்ற மற்றது தடித்த ஒரே பட்டை, இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். கசியாவில் கூமாரின் நிறைய. நாள்தோறும் கரண்டிக் கணக்கில் எடுத்தால் ஈரலைத் தாக்கலாம். கூமாரினுக்கு ஐரோப்பிய எல்லை நாளொன்றுக்கு உடல் நிறை ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 60 கிலோப் பெண்ணுக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி கசியாத் தூள் அதைத் தாண்டிவிடக்கூடும். எங்கள் கறுவாவில் அது மிகச் சொற்பம். தூளாக வாங்கினால் எதுவென்று தெரியாது. பட்டையாக வாங்கி வீட்டில் இடித்து, நாளுக்கு அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

புதினாவில் ஒரு செய்தி உண்டு. ஸ்பியர்மின்ற் என்ற வகையின் தேத்தண்ணியை நாளுக்கு இரு கோப்பை ஒரு மாதம் குடித்த பெண்களில் ஆண்தன்மை ஓமோன் குறைந்தது. ஆனால் முடியை அளந்து பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. முடியின் வளர்ச்சிச் சுற்று நீண்டது, ஒரு மாதத்தில் எதுவும் தெரியாது. குளிசை போட்டாலும் ஆறு மாதம் பொறுக்கவேண்டும். குடிப்பதில் தீங்கில்லை. பிள்ளை தங்கும் எண்ணம் இருந்தால் மருந்தளவில் குடிக்கவேண்டாம்.

இனி நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. வருடத்தில் மூன்று மாதவிடாய் என்பது முடியையும் பருவையும்விடப் பெரிய விஷயம். முட்டை வெளியேறாத மாதங்களில் கருப்பையின் உட்படலம் ஈஸ்திரஜனில் தடித்துக்கொண்டே போகும், அதை உதிர்க்கும் புரொஜெஸ்திரோன் என்ற மற்றப் பெண் ஓமோன் வருவதில்லை. வருடக்கணக்கில் இப்படிப் போனால் அந்தப் படலம் புற்றுநோயாகத் திரும்பும் வாய்ப்புக் கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உதிரவேண்டும். தானாக வராவிட்டால் வைத்தியர் சில நாள் புரொஜெஸ்திரோன் வகைக் குளிசை தந்து வரவைப்பார். வெந்தயத்தையும் கறுவாவையும் நம்பி இதைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. மெற்போமினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் எடுப்பவர் பி12 சோதிக்கவேண்டும். முட்டை திரும்ப வெளியேறத் தொடங்கினால் கர்ப்பம் தங்கும் வாய்ப்பும் திரும்பும், அதையும் நினைவில் வையுங்கள்.

நிறை கூடியவராயின் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது; 70 கிலோவென்றால் மூன்றரையிலிருந்து ஏழு கிலோ. இரவுப் புட்டைப் பாதியாக்கி அந்த இடத்தில் கடலை, மீன், கீரை வறை. மாச்சாப்பாட்டை அடியோடு விடவேண்டாம். குரக்கனும் சிவப்பரிசியும் நல்லவைதான், ஆனால் அளவு கூடினால் குரக்கன் புட்டும் புட்டுத்தான். கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் நடை.

மாதவிடாயின் முதல் இரண்டு நாள் அடிவயிறு பிழிகிறது. வேர்க்கொம்பு (சுக்கு) நல்லது என்று அப்பம்மா சொல்கிறா.
— ஒரு மாணவி, பருத்தித்துறை

அப்பம்மா சொல்வது சரி. கருப்பையை இறுக்கிப் பிழிவது புரொஸ்ரகிளான்டின் என்ற பொருள். வேர்க்கொம்பு அது உருவாவதைக் குறைக்கும். பலன் கண்ட ஆய்வுகளில் நாளுக்கு 750 மில்லிகிராமிலிருந்து 2 கிராம் வரை, மாதவிடாயின் முதல் மூன்று நாலு நாள் கொடுத்திருக்கிறார்கள். அரைத் தேக்கரண்டித் தூள் ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடியில் தங்கும் தூளையும் சேர்த்துப் பனங்கட்டியோடு காலையும் மாலையும் குடியுங்கள். வலி உச்சத்துக்குப் போனபிறகு தொடங்கினால் பலன் பாதி. நாள் தெரிந்தவர் முதல்நாளே தொடங்கலாம். மெபனமிக் அசிட் போன்ற வலிக் குளிசைக்கும் இதே கணக்குத்தான், அது சாப்பாட்டுக்குப் பிறகு. நெஞ்செரிவு உள்ளவர் அளவைக் குறைக்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுக்கிறவருக்கு வேண்டாம்.

வலி வருடத்துக்கு வருடம் கூடினால், மாதவிடாய் இல்லாத நாளிலும் வந்தால், மலம் போகும்போது குத்தினால், பள்ளிக்கூடம் போகமுடியாமல் கிடத்தினால், வேர்க்கொம்பால் மூடி வைக்காமல் காட்டுங்கள். கருப்பைப் படலம் வெளியே வளரும் நோய் இப்படித்தான் தொடங்கும். பொம்பிளைப் பிள்ளைக்கு வலி இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிச் சொல்லியே அது வருடக்கணக்கில் தெரியாமல் போகிறது.

45 வயது. மாதவிடாய் கட்டி கட்டியாக ஒன்பது பத்து நாள் போகிறது. அசோகம்பட்டைக் கசாயம் வைக்கலாமா? எங்கள் வீட்டு மதிலோரம் நாலு அசோகா மரம் நிற்கிறது.
— ஒரு வாசகி, வட்டுக்கோட்டை

மதிலோரம் ஊசிபோல் உயர்ந்து நிற்பது பெரும்பாலும் நெட்டிலிங்கம். அதை அசோகா என்று அழைக்கிறார்களே தவிர, மருந்து மரம் அதல்ல. உண்மையான அசோகு செம்மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும், கிளை பரந்த மரம். கடைச் சரக்கிலும் நெட்டிலிங்கப் பட்டையை அசோகென்று கலப்பது நெடுங்காலமாக நடக்கிற மோசடி. தயவுசெய்து மதில் மரத்தை உரிக்காதீர்கள்.

அசோகு சித்தமும் ஆயுள்வேதமும் பெரும்பாட்டுக்குத் தரும் மருந்து. எடுக்க விரும்பினால் கைதடி சித்த வைத்தியசாலை போன்ற இடத்தில் பட்டை தெரிந்த வைத்தியரிடம் எடுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் வயதில் ஸ்கானும், கருப்பை உட்படலத்தைச் சிறிது எடுத்துச் சோதிப்பதும் வேண்டும். பைப்ரோயிட் கட்டியா, படலம் தடித்ததா, தைரொயிட்டா என்று தெரியாமல் போக்கை மட்டும் அடக்கினால் உள்ளே இருப்பது வளரும். ஹீமோகுளோபினைப் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் 35 வயதைக் கடந்த பெண்களுக்கு நடக்கும் கிளினிக்கில் தொடங்கலாம். இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணிக்கு முன்பின் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். அந்தக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கி வீணாக்குவது எங்கள் ஊரில் நாள்தோறும் நடக்கிறது.

பிள்ளை பிறந்து மூன்று கிழமை. பால் காணாது என்று வெந்தயமும் சாத்தாவாரியும் தருகிறார்கள். தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாதாம்.
— ஒரு தாய், அச்சுவேலி

தண்ணீரை மறிக்கக் கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள். காயச்சரக்குக் கறி, பால்சுறா, முருங்கையிலை எல்லாம் நல்ல சாப்பாடு, பயமில்லாமல் உண்ணுங்கள்.

பாலைக் கூட்டுவது மார்பு வெறுமையாவதுதான். நாளுக்கு 8 முதல் 12 தடவை, இரவிலும், பிள்ளை காம்பை மட்டுமல்லக் கருவளையத்தையும் வாயில் கௌவிக் குடிக்கவேண்டும். பால் போதுமா என்பதற்கு மார்பின் பருமன் கணக்கல்ல: பிள்ளை நாளுக்கு ஆறு துணியாவது நனைக்கிறதா, இரண்டு கிழமைக்குள் பிறப்பு நிறைக்கு மீண்டதா என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தரைக் கொண்டு பிள்ளையைப் பிடிக்கும் முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்திரஜன் உள்ள கருத்தடைக் குளிசை தொடங்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அது பாலைக் குறைக்கும்.

சாத்தாவாரிக் கிழங்கு 60 தாய்மாரை வைத்து இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில் பால் சுரக்கும் ஓமோனைக் கூட்டியது. ஆய்வு சிறியது, ஆனாலும் கஞ்சியாகக் குடிப்பதில் தீங்கு காணவில்லை. வெந்தயம் கறியிலும் கஞ்சியிலும் ஒரு தேக்கரண்டி வரை போகட்டும். அதற்கு மேல் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் வயிறு இளகும், பிள்ளையின் சிறுநீரும் வேர்வையும் பாகு காய்ச்சின மணம் வீசும். பிறவி நோய் ஒன்றிலும் அதே மணம் வருவதால், வைத்தியசாலைக்குப் போனால் வெந்தயம் சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கச்சான் ஒவ்வாதவருக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பம். மறுபடி கர்ப்பம் தங்கினால் மருந்தளவு வெந்தயத்தை நிறுத்துங்கள், கருப்பையைச் சுருக்கக்கூடியது.

கனடாவிலிருந்து தங்கச்சி காட்டுக்கிழங்குக் கிறீமும் பிளாக் கொகோஷ் குளிசையும் அனுப்பியிருக்கிறா. இயற்கையானது, பயமில்லை என்கிறா.
— ஒரு வாசகி, காரைநகர்

அந்தக் கிழங்கில் டயொஸ்ஜெனின் உண்டு. ரசல் மார்க்கர் என்ற இரசாயனவியலாளர் 1940களில் மெக்சிக்கோக் கிழங்கிலிருந்து இதை எடுத்துத்தான் புரொஜெஸ்திரோன் செய்தார். ஆனால் செய்தது ஆய்வுகூடத்தில், பல படி இரசாயன மாற்றங்களால். மனித உடம்பில் அந்த மாற்றம் நடக்காது. கிறீமைப் பூசினால் தோல் மினுங்கும், ஓமோன் ஏறாது. வெந்தயத்திலும் இதே டயொஸ்ஜெனின் இருப்பதால் அதையும் இயற்கைப் புரொஜெஸ்திரோன் என்று விற்கிறார்கள், நம்பாதீர்கள்.

பிளாக் கொகோஷ், மாதவிடாய் நிற்கும் காலத்து எரிவுக்கென்று விற்கும் மூலிகை. அதை எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்தது பதிவாகியுள்ளது. ஈரல் நோய் இருந்தவர் தொடவேண்டாம். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்துங்கள். பெட்டியில் மனச்சோர்வுக்கென்று விற்கும் மூலிகையான சென் ஜோன்ஸ் வோட் என்று ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது கருத்தடைக் குளிசையையும், தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் செயலிழக்கச் செய்யும். உள்ளூர்ச் சூரணங்களில் அதிமதுரம் மிகுந்திருந்தால் பிரஷர் ஏறும், பொற்றாசியம் இறங்கும். இரசமோ ஈயமோ சேர்ந்த செந்தூரங்களைப் பிள்ளை வேண்டுமென்றிருக்கும் பெண் எடுக்கவே கூடாது.

மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, மார்பில் ஈஸ்திரஜனை மறிக்கும் தமொக்சிபென் குளிசை எடுக்கிறேன். சோயா, எள்ளு தொடலாமா?
— ஒரு வாசகி, தெல்லிப்பழை

உணவாகத் தொடலாம். கிழமையில் சில நாள் சோயா உண்டவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. ஐசோபிளேவோன் குளிசை, செறிவாக்கிய தூள், பிளாக் கொகோஷ் வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் எடுக்கிற எல்லாச் சூரணத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாதவிடாய்க்கு முன் வரும் மார்புவலிக்கும் எரிச்சலுக்கும் வைற்றெக்ஸ் என்ற மூலிகை நல்லதாம். அது எங்கள் நொச்சிதானே?
— ஒரு வாசகி, மானிப்பாய்

இனம் ஒன்று, செடி வேறு. ஐரோப்பாவில் அந்த வலிக்குத் தருவது மத்தியதரைக் கடலோரச் செடியின் பழம். புரொலக்ரினைக் குறைத்து வேலை செய்யும். வேலியில் நிற்கும் நொச்சியின் இலை ஆவி பிடிக்கவும் ஒத்தடத்துக்கும் உரியது. ஒன்றுக்கு மற்றது மாற்றல்ல.

கர்ப்பமாக இருக்கிறேன். பப்பாசி, அன்னாசி, திரிபோஷா மூன்றுக்கும் மாமி தடை போட்டிருக்கிறா. திரிபோஷாவில் சோயா இருப்பதால் ஆண்பிள்ளைக்குக் கூடாதாம்.
— ஒரு வாசகி, புங்குடுதீவு

திரிபோஷாவைச் சாப்பிடுங்கள். சோளமும் சோயாவும் கலந்த உணவு அது; அதிலுள்ள சோயா உங்கள் பிள்ளையை எதுவும் செய்யாது. கிளினிக்கில் தருவதை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடாமல் நீங்களே உண்ணவேண்டும். நன்றாகப் பழுத்த பப்பாசி நல்லது. காயும் செங்காயும் வேண்டாம், அவற்றின் பாலில் கருப்பையைச் சுருக்கும் தன்மை உண்டு. அன்னாசி இரண்டு துண்டு உண்டால் ஒன்றும் ஆகாது.